ஆரோக்கியராஜ் தனக்குத்தானே லீவு கொடுத்துக்கொண்ட விதம்

பாய்லர் உள்ள தொழிற்சாலையில் ஆள் மாறுவது மற்ற இடங்களில் ஆள் மாறுவது போல் அல்ல. அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் ஆரோக்கியராஜுக்கு நேர்ந்தது புரியும். ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடலாம்.

பாய்லரின் முகப்பில் ஒரு முழ நீளத்துக்குக் கண்ணாடிக் குழாய் ஒன்று இருக்கும். உள்ளே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதை அது காட்டும். தண்ணீர் குறைந்தால் உள்ளே இருக்கும் இரும்புக் குழாய்கள் காய்ந்து பழுத்துவிடும். பழுத்த குழாய் மேல் பம்பு தண்ணீரைத் தள்ளினால் என்ன ஆகும் என்பதைக் கிட்டத்தில் நின்று பார்த்தவர்கள் பிறகு அதை விவரிக்கும் நிலையில் இருப்பதில்லை. அதனால் அடுத்த ஷிப்டுக்கு வரும் ஆள் முதல் காரியமாகக் கண்ணாடிக்குக் கீழே உள்ள திருகைத் திறப்பார். தண்ணீர் சீறிக்கொண்டு வெளியேறும். திருகை மூடியதும் கண்ணாடியில் தண்ணீர் விறுவிறுவென்று ஏற வேண்டும். தயங்கித் தயங்கி ஏறினால் எங்கோ அடைப்பு. எல்லாம் சரி என்றால் நோட்டில் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து விழுகிறவரை, போக வேண்டிய ஆள் போன ஆள் ஆகமாட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு டிபன் கேரியரும் கையுமாக நின்றாலும் பாய்லர் அவர் பொறுப்புதான்.

கடலூருக்குத் தெற்கே, குடிகாட்டில் இருக்கும் அபிநயா டைகெம் என்ற சாயப்பொருள் கம்பெனியில் இப்படிக் கையெழுத்துப் போடும் தகுதிச் சான்றிதழ் நான்கு பேரிடம் இருந்தது. ஆரோக்கியராஜ், கொளஞ்சி, சாமிக்கண்ணு ஆகிய மூவரும் காலை, பிற்பகல், இரவு என்று மூன்று ஷிப்டு பார்த்தார்கள். நான்காமவர் சூப்பர்வைசர் ராமாமிர்தம். மூவரில் யாருக்காவது காய்ச்சல், கல்யாணம், கருமாதி என்றால் அவர் வந்து நிற்பார். லீவு வேண்டும் என்றால் ஒரு துண்டுச் சீட்டு எழுதி அவரிடம் நீட்ட வேண்டும். "எதுக்கு?" என்பார். சொன்னால் கையெழுத்துப் போடுவார். அரை நிமிடம் ஆகும்.

போன ஆகஸ்டில் கம்பெனிக்குச் சுதந்திரம் வந்தது.

கேன்டீனில் வெள்ளைத் திரை கட்டி, சென்னையிலிருந்து எம்.டி. பேசினார். "இன்று முதல் இங்கே மேலாளர் என்று யாரும் கிடையாது. ஒவ்வொருவரும் தன்னைத்தானே நிர்வகித்துக்கொள்வார்கள். வேலை நேரத்தை நீங்களே தீர்மானிப்பீர்கள். எனக்குக்கூட இனி எந்த அதிகாரமும் இல்லை. இது என் உத்தரவு. இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்கக்கூடாது. முதல் படியாகப் பதினொரு சூப்பர்வைசர்களை அவர்களுடைய பதவிச் சுமையிலிருந்து விடுவித்திருக்கிறோம். அவர்கள் இன்று காலை கேட்டுக்கு வெளியே மிகவும் இலேசான மனதுடன் நின்றதாகக் கேள்விப்பட்டேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டுவதா வேண்டாமா என்பதை அவரவரே தீர்மானிக்கலாம் என்று அதற்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. யார் தட்டவில்லை என்பது குறித்துக்கொள்ளப்பட்டது.

அதுவரை மனிதவள மேலாளராக இருந்த அறிவழகன் அன்றிலிருந்து தோட்டக்காரர் ஆனார். "நான் யாரையும் மேய்க்க மாட்டேன். நீங்களெல்லாம் செடிகள். நீங்கள் வளர்வதற்கு மண்ணைக் கிளறிவிடுவது மட்டும்தான் என் வேலை" என்றார். அதே அறை, அதே நாற்காலி, அதே சம்பளம். கதவை மட்டும் கழற்றிவிட்டார்கள். ஏசி வீணாகிறது என்று இரண்டாம் வாரம் பிளாஸ்டிக் திரை போட்டார்கள்.

கூட்டம் முடிந்ததும் நிஜத் தோட்டக்காரம்மா அவரிடம் போனார். ஒன்பது வருஷமாகக் கம்பெனியின் அரளிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்.

"சார், நீங்க தோட்டக்காரருன்னா, நாளைலேருந்து நான் வரட்டுமா வேணாவா?"

"அதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும் அம்மா."

"நான் வரன்னுதான் தீர்மானிச்சிருக்கன். சம்பளம் உண்டுன்னு நீங்க தீர்மானிப்பீங்களா?"

அறிவழகன் அவர் தோளைத் தட்டி, "அருமையான கேள்வி" என்றார். சுதந்திரம் வந்த பிறகு பதில் இல்லாத எல்லாக் கேள்விகளும் அருமையான கேள்விகளாக இருந்தன.

அடுத்ததாக ஆற்றல் அட்டவணை வந்தது. போனில் ஓர் ஆப் ஏற்றிக்கொடுத்தார்கள். ஒரு நாளில் எந்த நேரத்தில் உங்கள் உடம்பும் மனமும் மலர்ச்சியாக இருக்கின்றன என்று அதில் நிரப்ப வேண்டும். அந்த நேரத்தில் வந்து வேலை செய்தால் போதும். தத்துவம் நல்லதுதான். மூன்று பாய்லர்காரர்களும் அதை நேர்மையாக நிரப்பினார்கள். மூவருக்குமே காலை ஆறிலிருந்து பத்து வரைதான் மலர்ச்சி. மறுநாள் காலை ஆறு மணிக்குப் பாய்லர் முன்னால் மூன்று பேர் நின்றார்கள். பத்து மணிக்கு மேல் அட்டவணையில் ஆளில்லை. ஆப் இதைக் கண்டுபிடித்து, பாய்லரையும் அதனுடைய ஆற்றல் அட்டவணையை நிரப்பச் சொன்னது.

"பாய்லரும் இந்தக் குடும்பத்தில் ஓர் உறுப்பினர்தான்" என்று அறிவழகன் விளக்கினார். "அதன் சார்பில் யாராவது நிரப்பலாம்."

ஆரோக்கியராஜ் நிரப்பினார். மலர்ச்சியான நேரம்: இருபத்துநாலு மணி நேரம். சோர்வான நேரம்: வருஷாந்திர இன்ஸ்பெக்‌ஷன். அந்த மாதம் சிறந்த ஆற்றலுக்கான விருது பாய்லருக்குக் கிடைத்தது. சாமந்தி மாலை போட்டார்கள். வெப்பத்தில் அது சாயங்காலத்துக்குள் சருகாகிவிட்டது.

மூவரும் பிறகு தங்களுக்குள் பேசி, பழைய மூன்று ஷிப்டையே ரகசியமாக வைத்துக்கொண்டார்கள். தினசரி காலண்டர் அட்டைக்குப் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு நாள் அறிவழகன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டார்.

"மேலாளரை எடுத்துவிட்டோம். நீங்கள் கடிகாரத்தை மேலாளராக வைத்துக்கொண்டீர்கள்" என்று வருத்தத்துடன் சொன்னார். பாய்லர் அறைக் கடிகாரம் கழற்றப்பட்டது. அதன் பிறகு பக்கத்துத் தொழிற்சாலையின் சங்கை வைத்து ஷிப்டு மாறினார்கள். அங்கே இன்னும் சுதந்திரம் வரவில்லை.

ஜனவரி முதல் வாரத்தில், சிதம்பரத்திலிருந்து ஆரோக்கியராஜின் தங்கை ஜெயராணி போன் செய்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை நவநாள் ஜெபம் என்று அண்ணனுக்குத் தெரியும். பாதி ஆஸ்பத்திரிக்கு அவர்தான் கூடப் போனார். அவள் புருஷன் சார்லஸ் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருந்தான். கடையை விட்டு ஆஸ்பத்திரிக்கு வர முடிந்ததில்லை.

"அண்ணே, இருபத்தஞ்சாந்தேதி ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு ஞானஸ்நானம். பிரிசில்லான்னு பேரு வைக்கிறம். நீதான் ஞானத்தகப்பன்."

"நானா? அவுங்க வூட்டுல யாராச்சும்…"

"அவுங்க வூட்டுல கேட்டுட்டன். எம்மவள தண்ணித்தொட்டிகிட்ட நீதான் தூக்கிப் புடிக்கணும். வேற யாரு கையிலயும் குடுக்க மாட்டன். லேட்டு கீட்டுன்னு வராத."

ஞானத்தகப்பனின் வேலையும் சுலபமானது அல்ல. பாதர் கேட்கும் கேள்விகளுக்குக் குழந்தைக்குப் பதிலாக அவர்தான் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும். பசாசை, அதாவது சாத்தானை, விட்டு விலகுகிறாயா என்று கேட்டால் விலகுகிறேன் என்று சொல்ல வேண்டும். ஆரோக்கியராஜ் பதினெட்டு நாள் முன்னதாகவே லீவு கேட்கக் கிளம்பினார்.

லீவு கொடுக்க யாரும் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"உங்களுக்கு லீவு கொடுக்க நான் யார்?" என்றார் அறிவழகன், பிளாஸ்டிக் திரைக்கு உள்ளே இருந்து. "நான் கொடுத்தால் உங்கள் சுதந்திரத்தை நான் பறித்தவன் ஆவேன். மறுத்தாலும் பறித்தவன் ஆவேன். ஆகவே இரண்டையும் செய்ய மாட்டேன். உங்களுக்கு நீங்களே லீவு கொடுத்துக்கொள்ளலாம். அதற்குத் தடையாக இருப்பது எது என்று யோசியுங்கள்."

"பாய்லருங்க சார்."

"அது வெளியே இருக்கிற பாய்லர். உள்ளே இருக்கிற பாய்லர் எது?"

ஆரோக்கியராஜ் கொஞ்சம் யோசித்தார். "உள்ள வெளியன்னு ரெண்டு இல்லிங்க சார். ஒண்ணுதான். ரெண்டாவது ஒண்ணு வாங்கணும்னு ராமாமிர்தம் சார் மூணு வருஷமா எழுதிக் குடுத்துக்கிட்டு இருந்தாரு."

அறிவழகன் கண்ணை மூடித் திறந்தார். ஆலோசனை முறை என்று ஒன்று இருப்பதாகச் சொன்னார். எந்த முடிவையும் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அதனால் பாதிக்கப்படும் எல்லோரிடமும் ஆலோசனை கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

பாய்லரின் நீராவி எங்கே போகிறது என்று பார்த்தால் இந்த முறையின் சிக்கல் விளங்கும். ஒரு குழாய் சாயம் வேகும் கலன்களுக்குப் போகிறது. ஒன்று உலர்த்தும் அறைக்கு. ஒன்று கழிவுநீரைச் சுண்டவைக்கும் இடத்துக்கு. மிச்சமிருக்கும் சின்னக் குழாய் கேன்டீன் இட்லிக் கொப்பரைக்கு. ஆக, கம்பெனியில் பாதிக்கப்படாதவர் ஒருவரும் இல்லை. ஆரோக்கியராஜ் ஆப்பில் அப்படியே எழுதினார். நூற்று நாற்பத்துமூன்று பேருக்கு அறிவிப்புப் போனது.

ஆலோசனைகள் வந்தன. கலன் பிரிவு, ஞானஸ்நானத்தைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றலாம் என்றது. கேன்டீன் மாஸ்டர், இட்லி பதினோரு மணிக்கே முடிந்துவிடும், தாராளமாகப் போய்வரலாம் என்றும், கேக் மிச்சமிருந்தால் கொண்டுவரவும் என்றும் எழுதினார். செக்யூரிட்டி, 'நல்லது' என்று எழுதினார். கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர், ஒரு குழந்தைக்கு ஞானத்தகப்பன் அவசியம்தானா என்ற அடிப்படைக் கேள்வியை எழுப்பினார். அதற்குக் கீழே முப்பத்தாறு பேர் சண்டை போட்டார்கள். ஆப் எல்லாவற்றையும் கூட்டி, 'முடிவுக்கு இன்னும் பக்குவம் வரவில்லை' என்று காட்டியது.

பக்குவம் வருவதற்காக ஒரு வட்டம் கூட்டப்பட்டது. வட்டம் எப்போதும் உள்வானிலையுடன் தொடங்கும். ஒவ்வொருவரும் தன் மனதின் வானிலையை ஒரு வரியில் சொல்ல வேண்டும். அறிவழகன், "எனக்குள் இளந்தென்றல்" என்று ஆரம்பித்துவைத்தார். அடுத்தவர் மேகமூட்டம் என்றார். கடலூர்க்காரர்களுக்கு வானிலை என்றால் பொழுதுபோக்கு இல்லை. பேச்சு உடனே சூடு பிடித்தது.

"எனக்குள்ள ஒண்ணாம் நம்பர் புயல் கூண்டு ஏத்தியிருக்கு" என்றார் சாமிக்கண்ணு.

"எனக்கு மூணாம் நம்பர். கீரப்பாளையத்துல அறுப்புக்கு மிஷின் கெடைக்கல" என்றார் கொளஞ்சி. "நெல்லு சாஞ்சி கெடக்குது. மழ வேற வருங்கிறான்."

"எங்க குடும்பத்துல நல்ல வெயில் சார்" என்றார் ஆரோக்கியராஜ். "ஞாயித்துக்கெழம ரெண்டு மணிக்கு யாராச்சும் மாத்திவுட்டா போதும். காலைல ஷிப்டு நானே பாத்துடறன். ரெண்டு இருவதுக்கு பஸ்சு. மூணரைக்குச் செதம்பரம்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் தன் தேவையைச் சொல்ல முடியாது. வட்டம் அதை வானிலையாக மட்டும் பதிவு செய்துகொண்டு, தேநீருக்குக் கலைந்தது.

வெளியே வந்ததும் கொளஞ்சி அவர் தோளில் கை போட்டார். "இதுக்கு எதுக்கு மச்சான் நூத்தி நாப்பது பேர கேட்டுக்கிட்டு? எப்பயும் ரெண்டு மணிக்கு நான்தான வரன். அன்னைக்கும் வரன். பாப்பாவுக்கு என்னா வாங்கணும் சொல்லு."

ஆரோக்கியராஜுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

இருபத்தைந்தாம் தேதி. மனைவியைக் காலையிலேயே சிதம்பரத்துக்கு அனுப்பிவிட்டு, புது வெள்ளைச் சட்டையை டிபன் கேரியருடன் பையில் வைத்து எடுத்து வந்திருந்தார். பக்கத்துக் கம்பெனி இரண்டு மணிச் சங்கு ஊதியது. சட்டையை மாற்றிக்கொண்டார். கொளஞ்சி வரவில்லை. இரண்டேகாலுக்குப் போன் போட்டார். பின்னணியில் பெரிய இரைச்சல் கேட்டது.

"மச்சான், மன்னிச்சிக்க. ஒரு மணிக்குத்தான் அறுப்பு மிஷின் வந்துச்சி. நம்ம கொல்லைல எறங்கிடுச்சி. நான் இந்தாண்ட நவுந்தா அவன் அடுத்த கொல்லைக்குப் போயிடுவான். அப்பறம் வியாழக்கெழமதான். அதுக்குள்ள மழ வந்தா எல்லாம் மொளச்சிப்போயிடும்."

"இன்னும் எவ்வளோ நேரம் ஆவும்?"

"ஆறு ஆயிடும். ஆப்புல போட்டன் மச்சான். இன்னைக்கு எனக்கு மலர்ச்சி ஏழு மணிக்கு மேலதான்னு. ஏத்துக்கிச்சி. நீ பாக்கலயா?"

அவரைத் திட்ட முடியவில்லை. அறுப்பு மிஷின் விஷயத்தில் யாரும் யாரையும் திட்டுவதில்லை. சாமிக்கண்ணுவைக் கூப்பிட்டார். அவர் பண்ருட்டியில் ஒரு கல்யாண வரவேற்பில் இருந்தார். ராமாமிர்தத்தையே கூப்பிட்டுப் பார்த்தார். அவர் இப்போது திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்தார். "இங்க எனக்கு மேல ஒரு மேனேஜர் இருக்காருப்பா. நல்ல மனுஷன், தெனம் திட்டுவாரு" என்றார்.

இரண்டு நாற்பதுக்கு, நாற்பத்தாறு வருஷ வாழ்க்கையில் முதன்முறையாக, ஆரோக்கியராஜ் ஒரு முடிவு எடுத்தார். பாய்லரை நிறுத்திவிடுவது. நிறுத்தினால் கலன்கள் குளிரும், சாயம் கெடும். ஆனால் எந்த முடிவையும் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அவர் அறிவழகனைப் போனில் கூப்பிட்டுச் சொன்னார்.

அறிவழகன் பூரித்துப்போனார். "ஆரோக்கியராஜ், இதற்காகத்தான் ஐந்து மாதமாகக் காத்திருக்கிறேன். அப்படியே இருங்கள். நான் வந்துகொண்டே இருக்கிறேன்."

பாய்லரை நிறுத்துவது என்றால் என்ன என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஃபேனை நிறுத்துகிற மாதிரி அது நிற்காது. அடுப்புக்குள் விறகு அரை ஆள் உயரத்துக்குத் தணலாகக் கிடக்கிறது. புது விறகு போடாமல் விடலாம்; போட்ட விறகைத் திரும்ப எடுக்க முடியாது. தணல் இருக்கும்வரை நீராவி பிறந்துகொண்டேயிருக்கும். நீராவி பிறக்கும்வரை தண்ணீர் குறையும். தண்ணீர் குறையும்வரை ஒருவர் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துப் பம்பை ஓட்ட வேண்டும். அழுத்தம் முழுக்க இறங்க நாலைந்து மணி நேரம் ஆகும். அதாவது பாய்லரை நிறுத்திவிட்டுக் கிளம்ப விரும்புகிறவர் ஏழு மணிக்குக் கிளம்பலாம். ஆரோக்கியராஜுக்கு இது தெரியாததல்ல. ஆனாலும் வேறு எதுவும் செய்ய இல்லாதபோது மனிதன் தெரிந்ததையும் செய்துபார்க்கிறான்.

மூன்றேகாலுக்கு அறிவழகன் வந்தார். போனை நிமிர்த்திப் பிடித்துப் படம் எடுக்க ஆரம்பித்தார்.

"நண்பர்களே, நமக்குப் பின்னால் அணைந்துகொண்டிருப்பது ஒரு பாய்லர் அல்ல, பயம். ஒரு சாதாரண ஊழியர் யாரையும் கேட்காமல் பல லட்சம் ரூபாய்ச் சரக்கைப் பாழாக்கும் தைரியத்தைப் பெற்றிருக்கிறார். பழைய அமைப்பில் இது நடந்திருக்குமா?"

"நடந்திருக்காதுங்க சார்" என்றார் ஆரோக்கியராஜ். "சார், கார்லதான வந்தீங்க? நான் அத எடுத்துக்கிட்டுப் போயிட்டு… இந்தக் கண்ணாடிய மட்டும் நீங்க பாத்துக்கறீங்களா? இந்தக் கோட்டுக்குக் கீழ எறங்கினா பச்ச பட்டன். அவ்வளோதான்."

அறிவழகன் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு இரண்டடி பின்னால் நகர்ந்தார். "செய்யலாம். ஆனால் இது உங்கள் வளர்ச்சியின் தருணம். இதை உங்களிடமிருந்து பறிக்க எனக்கு உரிமை இல்லை. தவிர, எனக்குச் சான்றிதழும் இல்லை." அவர் படத்தை வெளியே வெளிச்சத்தில் முடிப்பதாகச் சொல்லிப் போனார்.

நாலு மணிச் சங்கு ஊதியது. போன் அடித்தது.

"எங்கண்ணே இருக்குற? பாலத்தாண்ட வந்துட்டியா?"

"ஜெயா, நான் இன்னும் இங்கதான் இருக்கன்."

அவள் போனை வைக்கவில்லை. குழந்தை அழுவது கேட்டது. பிறகு பாதரின் குரல் தூரத்தில், "ஞானத்தகப்பன் யாரு?" என்று கேட்டது. சார்லஸ் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னான். "வேலையா? சரி. உபதேசியாரே, அவருக்குப் பதிலா நீங்க நில்லுங்க. ரெஜிஸ்டர்ல அவர் பேரே இருக்கட்டும்" என்றார் பாதர். அரை நிமிடம் ஆகியிருக்கும். இரண்டாயிரம் வருஷமாக மேலே ஒருவர், அவருக்கு மேலே ஒருவர் என்று நடந்துவரும் ஒரு நிறுவனத்தில் மாற்று ஆள் கிடைத்துவிட்டார். கோயில் காரியங்களில் பாதருக்குத் துணையாக இருக்கும் உபதேசியார் தேவசகாயம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பசாசை விட்டு விலகுவதாகக் கணீரென்று சொன்னார். ஆரோக்கியராஜ் போனைக் காதில் வைத்தபடி பச்சைப் பட்டனை அழுத்தினார். பம்பு ஓடும் சத்தத்தில் குழந்தை மேல் தண்ணீர் விழுந்த சத்தம் அவருக்குக் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, கெட்டுப்போன சரக்கின் மதிப்பு தெரியவந்ததும், ஆப்பில் போட்டிருந்த அந்தப் படத்தை அறிவழகன் நீக்கிவிட்டார். தன்னைத்தானே நிர்வகிக்கும் கம்பெனியில் மெமோவும் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ள வேண்டும். ஆரோக்கியராஜ் தனக்கு ஒரு மெமோ எழுதினார். மூன்று நாளில் விளக்கமும் எழுதினார். விளக்கம் திருப்தியாக இருக்கிறதா என்று அவரையே கேட்டார்கள். ஓரளவு இருக்கிறது என்றார். ஓரளவு போதாது என்று ஆப் சொன்னது.

விளக்கத்தில் 'பாதிக்கப்பட்டவர்' என்ற இடத்தில் அவர் தங்கையின் பெயரையும் நம்பரையும் எழுதியிருந்தார். ஆப் அவளுக்கும் அறிவிப்பு அனுப்பியது. அவள் ஒரு வாரம் கழித்து அதிலேயே பதில் எழுதியிருந்தாள். அண்ணனுக்கு ஐந்து மாதத்தில் கிடைத்த ஒரே தெளிவான ஆலோசனை அதுதான்: 'ஏப்ரல் அஞ்சாந்தேதி காதுகுத்து. அதுக்கு உபதேசியார் மடி ஆவாது. தாய்மாமன் மடிதான் வேணும். இப்பவே சொல்லிட்டேன்.'

அவர் பிளாஸ்டிக் திரைக்கு முன்னால் போய் நின்றார். ஏப்ரல் ஐந்துக்கு இன்னும் எட்டு வாரம் இருந்தது. சென்ற முறை முடிவு அவசரமாக எடுக்கப்பட்டதால், ஆலோசனைக் காலம் பன்னிரண்டு வாரமாக உயர்த்தப்பட்டிருப்பதாக அறிவழகன் சொன்னார். "அதை நான் உயர்த்தவில்லை. வட்டம் உயர்த்தியது."

அன்று பிற்பகல் கொளஞ்சி சரியாக இரண்டு மணிக்கு வந்தார். நோட்டில் கையெழுத்துப் போட்டார். ஆரோக்கியராஜ் கிளம்பாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

"என்னா மச்சான், போவலியா? என்னா யோசன?"

"கொழந்தய இங்க தூக்கியாந்து, எம் மடில வச்சி, இங்கயே காது குத்திடலாமான்னு பாக்குறன்."

கொளஞ்சி பாய்லரைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். இடம் போதும் என்றுதான் அவருக்கும் தோன்றியது.

"சரி, குத்துற ஆசாரிக்கு கேட் பாஸ் யாரு குடுப்பா?"

"அவரேதான் குடுத்துக்கணும்" என்றார் ஆரோக்கியராஜ்.